ரோட்டில் விட்ட பதினொரு கல்

தன்யகுமார் நயினாரைப் போல ஒரு சாது கிடையாது என்று கீழ்பென்னாத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பேச்சு அதிர்ந்து வராது. வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் வீட்டு வாசற்படி தாண்டாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டார். நாலு ஏக்கர் நெல், ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. இருபத்திரண்டு வயதில் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்தார். முப்பத்தோரு வருஷம் ஒரு பருக்கை தவறியதில்லை. இருட்டிய பிறகு பந்தி போடும் கல்யாணங்களில் மொய் எழுதிவிட்டுப் பட்டினியாக வீடு திரும்பி, வெறும் வயிற்றோடு படுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் அருள்ராஜைச் சாகடித்தார். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

தை மாதம் திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் ரோட்டில் பாதியைத்தான் பார்க்க முடியும். மீதிப் பாதி நெல். அறுத்து அடித்த நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காயவைப்பார்கள். மண்ணில் மூன்று நாள் ஆகும் காய்ச்சல் தாரில் ஒன்றரை நாளில் ஆகிவிடும். சர்க்கார் தங்களுக்காகவே போட்டுக் கொடுத்த களம் என்று ஆளாளுக்கு ஒரு நினைப்பு. வண்டி நெல்மேல் ஏறிவிடக் கூடாது அல்லவா, அதற்காக ரோட்டின் நடுக்கோட்டை ஒட்டித் தலை பெரிசுக்குக் கற்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். நெல்மேல் டயர் ஏறினால் நெல் நொறுங்கும், கல்மேல் டயர் ஏறினால் ஆள் நொறுங்குவான். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அந்த ரோட்டோரத்தில் ஒருவரும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

நயினாரும் வைத்தார். ஆனால் கல்லைப் புரட்டி, அடியில் எறும்பு இருக்கிறதா, தேள் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு தென்னை ஈர்க்கால் நோகாமல் ஒதுக்கிவிட்டுத்தான் தூக்குவார். சாயங்காலம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டபின் அதே கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டுப் போவார். மற்றவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் திரும்பவும் வைக்கத்தானே போகிறோம் என்று ஒரு சமாதானம்.

அன்றைக்கு நெல் அள்ளி முடிய நேரமாகிவிட்டது. கூலிக்கு வந்தவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயந்திமாலா போன் போட்டு, "என்னாங்க, பொழுது போயிடுச்சி. சோறு போட்டு வெச்சிட்டேன். வரீங்களா இல்லியா?" என்றாள். வீடு நானூறு தப்படி தூரம். நயினார் கற்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பதினொரு கல். ஒவ்வொன்றாக எடுத்தால் பத்து நிமிஷம் ஆகும், பொழுது நிற்காது. முப்பத்தோரு வருஷத்து விரதம். சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நடந்தார்.

இலையில் நாலாவது கவளம் எடுத்தபோது சத்தம் கேட்டது. இரும்பு தாரில் தேயும் சத்தம், அதன் பிறகு ஏதோ மூட்டையைச் சுவரில் அடித்த மாதிரி ஒன்று. நயினாருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், கையில் இருந்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டுதான் எழுந்தார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்த ஒரு கவளத்தை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவர் எத்தனை தடவை கொல்லைப்புறம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார் என்பதற்குக் கணக்கில்லை.

எச்சில் கையோடு ஓடினார். மூன்றாவது கல்லில் ஏறிய வண்டி நாற்பதடி தள்ளிக் கிடந்தது, இன்ஜின் அணையாமல் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அருள்ராஜ் சிறுபாலத்துக் கட்டைச் சுவரில் மார்பு மோதி மடிந்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, பட்டை ஒழுங்காக மாட்டியபடி. கண்ணாடியின் உள்பக்கம் சிவப்பாக இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் விலா எலும்புகள் உள்ளே சேராமல் உரசின. முப்பத்தொரு வயசு. ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. பக்கத்துக் குக்கிராமம், இதே பஞ்சாயத்து. தினமும் இந்த நேரத்துக்கு இந்த வழியாகத்தான் போவான், நயினாரைப் பார்த்தால் ஒரு ஹாரன் அடிப்பான்.

பின்னால் தக்காளி ஏற்றி வந்த மினி வேனின் டிரைவர் குமரேசன் வண்டியை நிறுத்தி இறங்கி, அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணா, கண்ண மூடாதீங்கண்ணா. வந்துடும், ஆம்புலன்ஸ் வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்குள் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த பஸ் நின்றது. இறங்கினவர்கள் பார்த்தது என்ன? ரத்தம், நசுங்கின பைக், ஒரு வேன். போதாதா? "வேன்காரன்டா, அட்ச்சிட்டான்டா!" என்று ஒருத்தன் கத்தினான். குமரேசனை முடியைப் பிடித்து இழுத்துத் தாரில் போட்டார்கள். மிதித்தார்கள். ஒருத்தன் செருப்பால் அடித்தான், இன்னொருத்தன் வேனிலிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து இடது காதோடு சேர்த்து வீசினான். தாடை உடைந்த சத்தம் நயினாருக்கு நன்றாகக் கேட்டது. மடி போனதும் அருள்ராஜின் தலை தாரில் விழுந்தது. அவன் பக்கம் குனிந்து பார்க்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்கும் நேரமில்லை.

"அவன் இல்ல, என் கல்லு" என்று சொல்ல நயினார் வாயைத் திறந்தார். தோளை ஒரு கை அழுத்தியது. அடுத்த காணிக்காரன் ஆதிமூலம். அவன் பெண்டாட்டி ராஜம்மாள்தான் அப்போது பஞ்சாயத்துத் தலைவர், ஆனால் தலைமை எல்லாம் அவன்தான். கூட்டம் குமரேசனை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பதினொரு கல்லையும் வாய்க்காலில் உருட்டிவிட்டு வந்திருந்தான். ரோட்டோரம் குவார்ட்டர் பாட்டிலுக்கா பஞ்சம்? ஒன்றைப் பொறுக்கி பைக்குக்குப் பக்கத்தில் போட்டான். நயினார் பார்க்கப் பார்க்கப் போட்டான்.

"நயினாரே, வாயத் தொறக்காதீங்க. உங்க கல்லுனு வந்தா நாளைக்கி ஊர்ல அல்லார் கல்லும் கேஸாயிடும். பொண்ணு வெச்சிருக்கறவரு, கம்முனு ஊட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்றான்.

நயினார் கம்மென்று இருந்தார். ஆம்புலன்ஸ் திருவண்ணாமலைக்குள் நுழையும் முன்பே அருள்ராஜ் செத்துப்போனான். வேனில் ஒரு கீறல்கூட இல்லை என்று போலீஸ் குமரேசனை விட்டுவிட்டது. உடைந்த தாடைக்கும் செவிடாகிப்போன காதுக்கும் யாரையும் பிடிக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டித் தானாக விழுந்தான் என்று கேஸ் பேப்பரில் எழுதி முடித்தார்கள். குடித்துவிட்டு ஹெல்மெட் பட்டையை ஒழுங்காக மாட்டுகிறவன் உலகத்தில் எங்கே இருக்கிறான் என்று கேட்க ஒரு நாதியில்லை.

கேட்டது ரேவதி ஒருத்திதான். அருள்ராஜின் மனைவி. அவன் வாழ்நாளில் பீடிகூடப் பிடித்ததில்லை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினாள். சாராய வாடை எதுவும் இல்லை என்று ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தது. அதற்குள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டிருந்தது. ஒரு வாயில் நுழைந்த பேச்சைக் காகிதம் காட்டி வெளியே எடுக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் அவள் மகள் எழிலை "குடிகாரன் பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெண் காம்பஸ் முனையால் ஒருத்தியின் தொடையில் குத்திவிட்டாள். ஒன்பது வயசு. ஒரு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது என்றார்கள். ரேவதி புருஷன் செய்த அதே கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நயினார் என்ன செய்தார்? அடுத்த தையில் கடப்பாரையோடு ரோட்டில் இறங்கினார். பொழுது சாயும் நேரத்தில், தான் சாப்பிட வேண்டிய நேரத்தில், அடுத்தவர் கற்களை நெம்பி நெம்பி ஓரத்தில் தள்ளினார். ராச்சாப்பாடு ஏற்கெனவே கிடையாது, இப்போது சாயங்காலச் சாப்பாடும் போயிற்று. தன் நிலத்தில் அரை ஏக்கருக்கு சிமென்ட் களம் போட்டு, "யார் வேணா இங்க காயவெச்சிக்குங்க" என்று வீடு வீடாகச் சொன்னார். நாலு பேர் வந்தார்கள். மீதிப் பேருக்குத் தார் ரோடுதான் இனித்தது. தன் கல்லைத் தொட்டதற்காகச் சுப்பன் என்றொருவன் அவரை மண்வெட்டிக் காம்பால் அடித்து முன்னங்கையை முறித்தான். நயினார் போலீசுக்குப் போகவில்லை. கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் அதே இடத்துக்கு வந்தார். "கல்லு நயினாரு" என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஜெயந்திமாலாவே நம்பினாள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுக் கூட்டத்துக்கு ஏழு தடவை போய் வந்தார். கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இத்தனையும் செய்தவர் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஊர் முன்னால் நின்று உண்மையைச் சொல்லவில்லை. கல்லைத் தள்ளுவது சுலபம் ஐயா, கையெலும்பு முறிவதுகூடச் சுலபம்தான்.

அதற்கடுத்த தையில் ஆதிலட்சுமி விழுந்தாள். கோயில் கோபுரத்தடியில் பூ விற்கிறவள். விற்று முடித்து மொபெட்டில் திரும்பும்போது ஆதிமூலத்தின் கல். நயினார் அந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் இருநூறு அடி இருந்தது. இடுப்பு எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அவள் போட்ட கூச்சல் ஊர்க்கோடி வரை கேட்டது. மூன்று வண்டிகள் நிற்காமல் போயின, அதில் ஒன்று குமரேசனின் வேன். நயினார் கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார். குமரேசன் ஒடித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் யார் குற்றம் சொல்ல முடியும்? ஒரு தடவை நின்றதற்கு ஒரு காது கொடுத்திருக்கிறான்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டீக்கடையில், சேலை சக்கரத்தில் மாட்டி விழுந்துவிட்டாள் என்று ஆதிமூலம் சொல்லிக்கொண்டிருந்தான். நயினார் வாசலில் நின்று கேட்டார். போன தடவை பாட்டில், இந்தத் தடவை சேலை. அடுத்த தடவை விழப்போகிறவனுக்கும் ஒன்று தயாராக இருக்கும். தான் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை இந்த ரோட்டில் கல் யாரையும் கொல்லாது, செத்தவர்களே தங்களைக் கொன்றுகொள்வார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து ஜெயந்திமாலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பங்குனில த்ரிசலாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சி. ஜெயிலுக்குப் போன அப்பன் பொண்ண எவன் கட்டுவான்? ரெண்டு வருஷம் பொறுத்தீங்க, ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"ரெண்டு மாசத்துல இன்னொருத்தன் செத்துடுவான் ஜெயந்தி" என்றார். அவள் அதற்கப்புறம் அவரிடம் பேசவில்லை.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் அந்த கெஸ்ட் ஹவுஸ். முன்பக்கம் வெள்ளைக்காரர்கள் மௌனமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நயினார் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனார். ரேவதி தோசைக்கல் முன்னால் நின்றிருந்தாள்.

"வாங்க நயினாரே, என்னா இவ்ளோ தூரம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

உட்காராமல் நின்றபடியே சொன்னார். கல், பொழுது, கவளம், ஆதிமூலம், பாட்டில். ஒன்றையும் விடவில்லை. ரேவதி அடுப்பை அணைத்தாள். கையில் இருந்த இரும்புத் தோசைத் திருப்பியை மாற்றிப் பிடித்தாள். முதல் அடி நெற்றியில் விழுந்தது. அடுத்தது காதில், அதற்கடுத்தது முறிந்து கூடின கையில். சூடு பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து வந்தது. நயினார் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவள் மூச்சு வாங்கும் வரை அடித்தாள். வெள்ளைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள்.

ரேவதி திருப்பியைத் தரையில் விட்டெறிந்தாள். "அவரு குடிக்கலனு எனக்குத் தெரியும்யா. எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்றியா? நீ அழுதுட்டு ஆறிக்கறதுக்கு நான்தான் கெடச்சனா? தெரியாதவங்க இருக்காங்க பாரு, ஊரு பூரா. அங்க போய்ச் சொல்லு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் சொன்னது சரி. பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்திருந்தார்.

குடியரசு தினக் கிராம சபை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஷாமியானா போட்டு நடந்தது. ராஜம்மாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், மேஜை மைக்கில் கூட்டத்தை நடத்தியது பக்கத்து நாற்காலியில் இருந்த ஆதிமூலம். இருநூறு பேர் இருப்பார்கள். பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையில் ரேவதியும் எழிலும் இருந்தார்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடு நயினார் எழுந்தார்.

"ரோட்டுல நெல்லு கொட்டக் கூடாது, கல்லு வெக்கக் கூடாதுனு தீர்மானம் போடணும். என் களத்த ஊருக்கே எழுதித் தரேன்."

ஆதிமூலம் சிரித்தான். "ஆரம்பிச்சிட்டாருப்பா கல்லு நயினாரு. எந்தக் கல்லுல எவன் செத்தான்? பேரச் சொல்லுங்க பாக்கலாம்." சொல்ல மாட்டார் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம். இரண்டு வருஷமாகச் சொல்லாதவர் அல்லவா.

"அருள்ராஜு" என்றார் நயினார். "என் கல்லு. பதினோரு கல்லு. நான்தான் எடுக்காம சோறு துன்னப் போனேன். கல்ல வாய்க்கால்ல தள்ளினது நீ. பாட்டிலப் போட்டதும் நீ. நான் பாத்துக்கினு நின்னேன். அந்த வேன்காரத் தம்பிய அடிச்சிக் காதச் செவிடாக்குனப்பவும் பாத்துக்கினு நின்னேன். ஆதிலட்சுமி விழுந்தது உன் கல்லு. இப்ப எழுதிக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன். போலீஸ்லயும் இதையேதான் சொல்லப்போறேன்."

ஆதிமூலம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி வீசினான். நாற்காலிக் கால் நயினாரின் வாயைக் கிழித்தது. விழுந்தவர்மேல் ஏறி உட்கார்ந்து குத்தினான். "உன்ன ஜெயிலுக்குப் போவாம காப்பாத்துனதுக்கு இதாடா நன்றி?" என்று ஒவ்வொரு குத்துக்கும் கேட்டான். சுப்பனும் சேர்ந்துகொண்டு விலாவில் உதைத்தான். யாரோ தீர்மான நோட்டைப் பிடுங்கிக் கிழித்தார்கள். ராஜம்மாள் மேஜையடியில் குனிந்துகொண்டாள். விலக்க வந்தவர்களுக்கும் விழுந்தது. மண்ணும் ரத்தமும் அப்பிய முகத்தோடு நயினார், "என் கல்லு, என் கல்லு" என்பதை விடவில்லை.

ரேவதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஆதிமூலத்தின் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நயினாரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு ஒன்றுமில்லை. அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை, அதுதான். அவளுக்குப் பின்னால் பெண்கள் எழுந்து வந்தார்கள். சுப்பன் காலை இறக்கினான்.

எழில் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். பதினோரு வயசு, பள்ளிக்கூடச் சீருடையில் கொடி குத்தியிருந்தது. தரையில் கிடந்தவரை அவள் குனிந்து பார்க்கவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அப்ப எங்கப்பா குடிக்கலியா?"

நயினார் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வாயில் நிறைந்ததைத் துப்பினார். "இல்லம்மா. உங்கப்பா குடிக்கல."

எழில் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். அவளோடு படிக்கும் பிள்ளைகள் அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் பக்கம் ஷாமியானாவுக்கு வெளியே வரை நின்றுகொண்டிருந்தது. அவள் மேஜையிலிருந்து மைக்கை எடுத்து வந்து அவர் வாய்க்குக் கீழே பிடித்தாள்.

"இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."